கேட்டின் கொண்டி

ஜூலை 14, செவ்வாய்

மாடியில் குடியிருக்கும் பாத்திமாவின் மூன்று வயது மகள் இன்று மாலை காணாமல் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து, இலஞ்சிச் சாலையில் வாய்க்காலை ஒட்டி நின்றவளை ஓர் ஆட்டோக்காரர் தூக்கி வந்தார். அதுவரை பாத்திமா தெருத்தெருவாக, செருப்பில்லாமல் ஓடினாள்.

துபாயிலிருந்து கணவன் வீடியோவில் கத்தினான். "பிள்ள தெருவுக்குப் போறது தெரியாம அங்கன என்னட்டி செஞ்சுட்டு இருந்த?"

பிறகு என்னிடம் வந்து அழுதாள். "நாந்தான் கேட்டைப் போடாம விட்டுருக்கேன் ஆச்சி. நீங்களும் தெனமும் சொல்லுதீங்க."

கோயிலில் பூசை முடிந்து சாரலில் வந்து, குடையை மடக்கும் அவசரத்தில் கொண்டியைப் போடாமல் விட்டவள் நான்.

"இனிமேலாவது கவனமாக இரு" என்றேன்.

வீட்டைக் காலி செய்து, வாசுதேவநல்லூரில் மாமியாரோடு போய் இருக்கச் சொல்லிவிட்டானாம் கணவன். அவள் கிளம்புவதற்குள் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று இப்போதே தெரிகிறது.