டீசல் வண்டிக்குத் திறக்கும் கதவு

எஞ்சின் சத்தத்தோடு வாசலுக்கு வந்துசேரும் என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் உங்களுக்குப் பிடித்த செய்தி. மோட்டார் ஹோம் வாங்கிவிட்டோம். கட்டிலும் சமைக்கக் குசினியும் உள்ளேயே இருக்கிற அந்த வண்டியில் ஏறி, வேலையை விட்ட மறுநாளே நாட்டின் மறுகரையிலுள்ள பேர்த் வரைக்கும் போகப்போவதாக எங்கள் ஊர் கிரான்பர்ன் முழுக்கச் சொல்லித் திரிந்தீர்களே! வேலையை விடும் முன்பே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். ஆனபடியால் அம்மாவை நான் கூட்டிப்போகிறேன்.

எது வாங்கினேன் என்று உடனே கேட்காதீர்கள். "டீசல்தான் வேணும். பெற்றோல் எண்டா என்னைக் கூப்பிடாதேங்கோ" என்று சாப்பாட்டு மேசையில் நீங்கள் பிடித்த சண்டை எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் பெற்றோல் வண்டி வாங்கத்தான் நான் முடிவெடுத்திருந்தேன். காரணம் அம்மா.

உங்கள் டெலிவரி வானின் டீசல் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா எழும்பிப் போய்க் கராஜின் உட்சுவரிலுள்ள பட்டனை அழுத்துவார். கராஜ் கதவு மேலே போகும். ரிமோட் பழுதாகி எத்தனை வருடம்! திருத்துகிறேன், திருத்துகிறேன் என்று கடைசிவரை நீங்கள் திருத்தவில்லை. "எனக்கு உயிருள்ள ரிமோட் இருக்கு" என்று பகிடி வேறு.

அந்த ரிமோட் இன்னும் வேலை செய்கிறது, அப்பா. இப்போது எங்கள் தெருவில் நாள் முழுக்கப் பார்சல் வான்கள். டீசல் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அம்மா போய்ப் பட்டனை அழுத்துகிறார். கதவு மேலே போகிறது. வான் கடந்து போனதும் திரும்ப மூடுகிறார். ஒருநாள் ஒரு பார்சல்காரர் தனக்குத்தான் திறக்கிறார்கள் என்று நினைத்து, யாருடையதோ ஒரு பெட்டியை உள்ளே வைத்துவிட்டுப் போனார். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் பயம் பிடித்தது. நீங்கள் இல்லை என்பதே அம்மாவுக்கு மறந்துவிட்டதா?

உண்மையைச் சொன்னால், அந்தக் கதவு மேலே எழும்போது நானும் அதன் கீழ் உங்கள் வானின் உருண்டு வரும் சில்லைத் தேடுகிறேன். இதை அம்மாவிடம் சொன்னதில்லை.

கிழமைக்கணக்கில் டீசல் வண்டிக்குள்ளேயே இருந்தால் அம்மா என்ன ஆவார்? பெற்றோல் வண்டி சத்தமில்லை, விலையும் குறைவு என்று அவரிடம் சாட்டுச் சொன்னேன்.

விற்கும் இடத்தில் பெற்றோல் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். இறங்கியதும் அம்மா பக்கத்தில் நின்ற டீசல் வண்டியைக் காட்டி, "அதையும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லு பிள்ளை" என்றார். விற்பனையாளர் சாவியைத் திருப்பினார். அதே தடதடப்பு. அம்மா ஏறி முன் சீற்றில் அமர்ந்து பெல்ற்றையும் போட்டுக்கொண்டார்.

"இந்தச் சத்தம் உங்களுக்கு வேண்டாம் அம்மா."

"ஏன்?"

"ஒவ்வொரு வானுக்கும் கதவு திறக்கிறீங்கள். அப்பா வாறார் எண்டு நினைக்கிறீங்களோ?"

அம்மா பார்த்த பார்வை! "எனக்கென்ன மறதியே? அந்த மனுசன் செத்தது எனக்குத் தெரியும். சத்தம் கேட்டா இருக்க ஏலாமக் கிடக்கு, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளை இருந்தா அது வந்து, என்னை விட்டிட்டுக் கடந்து போகுது. இதுக்குள்ளை இருந்தா கடந்து போகாதெல்லே?"

டீசலே வாங்கினோம். தூரப் பயணத்துக்கு அதுதான் தோது, பாலைவனப் பக்கம் எந்தப் பெற்றோல் பங்கிலும் டீசல் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொன்னதெல்லாம் நீங்கள் சொன்னதுதான். வென்றுவிட்டீர்கள், சந்தோசமா?

நேற்றுப் பின்னேரம் வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். எஞ்சினை நிற்பாட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கராஜ் கதவில் இருந்தது. வீட்டுக்குள் ஒருவரும் இல்லை.

"இவ்வளவு காலமும் நான்தான் திறந்தனான். இண்டைக்கு நான் வந்து நிக்கிறன். அவர் திறக்கட்டும்."

காத்திருந்தோம், அப்பா. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நானும் அந்தக் கதவின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு விரல் அளவு உயர்ந்திருந்தால் நான் பயந்திருப்பேனா, அதை நோக்கி ஓடிப் போயிருப்பேனா? கடைசியில் அம்மாவே இறங்கிப் போய் உள்ளிருந்து திறந்தார். வண்டியோ கராஜுக்குள் நுழையாத உயரம்.

அடுத்த கிழமை பேர்த்துக்குப் புறப்படுகிறோம். ஒரு வாக்குத் தருகிறேன். எங்கே போய் வந்தாலும் எஞ்சினை நிற்பாட்டாமல் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். அம்மாவை இறங்க விடமாட்டேன். பட்டன் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்தானே?

வாசலில் நிற்கும்,
உங்கள் மூத்த பிள்ளை