சிட்னிக்குப் போவதாகச் சொன்னோம்

ஏப்ரல் 4, வெள்ளி

எங்கள் வெரிபீயில் தூறல். ஐந்தரைக்கு எழுந்து புளிச்சாதம், கட்லட், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. என் மனுசன் சிவாவின் இன்சுலின் முழுவதும் எஸ்கி ஐஸ் பெட்டியில், ஐஸ் படாமல் துவாயில் சுற்றி. சீனி பார்க்கிற மீற்றரும் முடியப்போகிற இன்சுலின் பேனா ஒன்றும் என் கைப்பையில்.

ஏழு மணிக்கு ரவி அண்ணா, புதிதாக வாங்கிய போர்-வீல் டிரைவோடு. சிவாவின் கூட்டாளி. இங்கே வருவதற்கு முன் கென்யாவின் வடக்கே ஆறு வருடம் லொறி ஓடியவர், அதை ஒரு நாளும் மறக்க விடமாட்டார். ஹை கன்ட்ரி என்கிற ஆளில்லா மலைக்காட்டுப் பாதையில் வண்டியை ஓடிக் காட்டப்போகிறாராம். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. முந்தின காரின் படத்தை பேஸ்புக்கில் போட்டார், ஒரு கிழமையில் நொறுங்கியது. "எல்லாம் கண்ணூறு தங்கச்சி. போயிட்டு வந்து சொல்லுவம்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. மகள் தாரணியின் வாயில் ஒன்றும் நில்லாது, பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். "சிட்னி முருகனிட்ட போறம், ஞாயிறு பின்னேரம் வந்திடுவம்" என்றேன்.

"ஓகே. ட்ரைவ் சேஃப்." போனிலிருந்து கண் எடுக்கவில்லை.

முருகனை இழுத்துப் பொய் சொன்னது மனதுக்குச் சரியில்லை. இரவு மலையடியில் கூடாரம். குளிர்.

ஏப்ரல் 5, சனி

ரயரில் காற்றை இறக்கிக்கொண்டு மலை ஏறினோம். அதைப் பாதை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கல், சேறு, ஒரு பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாத பள்ளம். என் தலை மூன்று தரம் கூரையில் இடித்தது. ஆனாலும் நல்லாய்த்தான் இருந்தது, நெடுநாளைக்குப் பிறகு வயிறு நோகச் சிரித்தேன். முதல் ஆறு முழங்கால் அளவு. சுகமாகக் கடந்தோம்.

பகல் முழுக்க மழை. இரண்டாவது ஆறு மண் நிறம். மரக்கிளைகள் அள்ளுண்டு போகின்றன.

சிவா: "திரும்புவம் மச்சான்."

ர.அ.: "கென்யாவில இதை வாய்க்கால் எண்டுவம்."

நடு ஆற்றில் எஞ்சின் இருமி நின்றது. கதவுக்குள்ளால் தண்ணீர். சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி அக்கரைக்குக் கொண்டுபோனோம். எஸ்கி சிவாவின் கையில். கால் வழுக்கியது. அவரைப் பிடித்தேன், எஸ்கியைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளை மூடி ஒரு தரம் தெரிந்தது.

"பீக்கன் எங்க அண்ணா? ஆபத்தில அமத்தினா தேடி வருவினமே, அது?"

"கென்யாவில ஆர் பீக்கன் கொண்டு திரிஞ்சது?"

செருப்பால் அடிக்கவேண்டும் போல வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மழை. ஆறு இன்னும் ஏறுகிறது. வண்டி நடுவில், கூரை மட்டும் தெரிகிறது.

இருப்பது:
கட்லட் 7
பிஸ்கட் அரைப் பெட்டி
கூடாரம் 1, நனைந்த போர்வை 2, சிவப்புத் துவாய் 1
என் போன், சிக்னல் இல்லை (மற்ற இரண்டும் ஆற்றில் நனைந்து செத்துவிட்டன)
பேனாவில் 22 யூனிட்

காலையில் 12 போட்டோம். பின்னேரம் 10. முடிந்தது. மீற்றரில் சீனி 17, பத்துக்குக் கீழே இருக்கவேண்டியது.

"நாளைக்கு வேலைக்கு சிக் லீவு சொல்லத் தேவையில்லை, போன் வேலை செய்யேல்ல" என்று பகிடி விடுகிறார் சிவா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வயதிலிருந்து ஊசி போடுகிற உடம்பு. ஊசி இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்குத் தெரியும்.

தாரணி இப்போது சோறு போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏப்ரல் 7, திங்கள்

மழை விட்டது. சிவா இரண்டு தரம் சத்தி எடுத்தார். தண்ணீர், தண்ணீர் என்கிறார், குடிக்கக் குடிக்கத் தாகம். மீற்றர் எண் காட்டவில்லை, "ஹை" என்று மட்டும்.

பத்து மணிக்கு ஹெலிகொப்ரர் சத்தம். சிவப்புத் துவாயை வீசி வீசிக் கை சோர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கமாகப் போய்த் தேய்ந்துவிட்டது. இங்கே தேட அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? அவர்கள் கணக்கில் நாங்கள் இருப்பது சிட்னி வீதியில்.

ர.அ.வைக் கத்தித் தீர்த்தேன். "கென்யா கென்யா எண்டு இவரைச் சாகக் கொண்டுவந்திட்டியள்!" முகத்தைத் துடைத்தார். என் போனை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினார், உச்சியில் சிக்னல் பிடிக்குமா என்று பார்க்க.

இருட்டும் வரை வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில். கண் கூசுகிறது.

ர.அ. எட்டு மணிக்கு வந்தார், ஒரு காலை இழுத்துக்கொண்டு. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி. உச்சியில் அரை நிமிடம் சிக்னல் வந்ததாம். அவசர இலக்கம், மூன்று சைபர், அடித்தார், பிடிபடுவதற்குள் அறுந்துவிட்டது. பிறகு இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. அந்த அரை நிமிடத்துக்குள் ஒரு மெசேஜ் மட்டும் வந்து விழுந்திருக்கிறது. தாரணி, நேற்றுப் பின்னேரம் அனுப்பியது:

"அம்மா, நான் சிட்னிக்கு, மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வந்திட்டன். கோயில்ல ஒருத்தரும் உங்களைக் காணேல்லையாம். பொலிஸ் சிட்னி ரோட் முழுக்கத் தேடுது. கார் பார்க்கிலதான் நிக்கிறன், நீங்கள் வரும்வரைக்கும் போகமாட்டன்."

லைசன்ஸ் எடுத்து ஐந்து மாதம். ஒன்பது மணித்தியாலம் தனிய ஓடியிருக்கிறாள்.

சிவாவின் மூச்சில் அழுகிய பழ வாசம். கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேச்சு இல்லை. ர.அ. பக்கத்தில் இருந்து உதட்டை நனைக்கட்டும். நான் ஏறுகிறேன். பற்றரி நாலு வீதம். மேலே போய் யோசிக்க நேரம் இராது, அனுப்பவேண்டியதை இங்கேயே எழுதிக்கொள்கிறேன்:

பிள்ளை, சிட்னி இல்லை. ஹை கன்ட்ரி. மலைப் பாதையில இரண்டாவது ஆறு தாண்டி, சிவப்புத் துவாய். அப்பாவுக்கு இன்சுலின் இல்லை. பொலிசிட்ட உடன சொல்லு. அம்மா உனக்குப் பொய் சொன்னனான்.