என் கையால் சுட்ட வெயில்

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த மேகப் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைத் திட்டு. என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. வத்தலக்குண்டுப் பக்கமும் பழனிப் பக்கமும் கறுப்பாகத் தெளிந்து கிடக்க, நம் மலை இருக்க வேண்டிய இடம் மட்டும் மூடிக் கிடந்தது. டீ டம்ளரை மேசையில் வைக்கப் போனவள் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். படத்தின் மூலையில் நவம்பர் என்று எழுதியிருந்தது.

மதுரையிலிருந்து ஓர் என்ஜினீயர் வந்திருக்கிறார், அப்பா. கீழே பஸ் போகாத பள்ளத்து ஊரில் சிஸ்டர்கள் நடத்தும் மருந்தகத்தில், தடுப்பூசி மருந்து வைக்க ஒரு குளிர்பெட்டி வரப்போகிறது. அங்கே கரண்ட் இல்லை. அதனால் வெயிலில் ஓடும் பெட்டி. வெயிலை வாங்கும் தகடு எத்தனை, பேட்டரி எத்தனை என்று முடிவு செய்யத்தான் அவர் வந்தார். செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்கள் ஒரு வருஷத்துக்கு அவரிடம் இருந்தன. அதே வருஷத்து வெயில் அட்டைகள் நம்மிடம் இருந்தன.

இதைக் கோயிலில் அச்சடிக்கும் பங்கு மலரில் போடச் சொல்லி சிஸ்டரிடம் கொடுக்கப் போகிறேன். அதனால் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா மிஷன் தோட்டக்காரராக இருந்தவர். தோட்டத்து நடுவில் கல்தூண் மேல் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கிறது. வெயில் அதற்குள் புகுந்து, பின்னால் செருகியிருக்கும் அட்டையைக் கோடாகச் சுட்டுக்கொண்டே நகரும். மேகம் மறைத்தால் கோடு நின்றுவிடும். சாயங்காலம் அட்டையை மாற்றி, தேதி எழுதி, பிஸ்கட் டின்னில் அடுக்குவது அப்பாவின் வேலையாக இருந்தது.

என்ஜினீயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மத்த மாசமெல்லாம் படமும் அட்டையும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போகுது சிஸ்டர். நவம்பர், டிசம்பர்ல மட்டும் சண்டை போடுது. படத்துல நாள் முழுக்க மேகம். அட்டையில நாலு மணி நேரம் வெயில். முந்தின வருஷத்து அட்டை இருக்கா?”

“எல்லாம் பூஞ்சணம் புடிச்சுப் போச்சுங்க” என்றார் ரெஜினா சிஸ்டர்.

சமையல்கார லூர்து அக்கா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். “நவம்பர்ல நாலு மணி நேரம் வெயிலா? போன வருஷம் என் சேலை ஒண்ணு மூணு நாளு கொடியிலயே ஈரமாக் கெடந்துச்சு. அதையும் சேத்து எழுதிக்கோங்க சார்.”

என்ஜினீயர் சிரித்தார். யார் இந்த அட்டைகளை மாற்றியது என்று கேட்டார்.

“எங்க தோட்டக்காரரு. இருபது வருஷம். காய்ச்சலோட வந்துகூட மாத்துவாரு. கைசுத்தமான மனுசன். இந்தா நிக்கிறாளே, இவ அப்பாதான்” என்றார் சிஸ்டர்.

“அப்ப அட்டையத்தான் நம்பணும். மலைக்கு இந்தப் படம் சரிப்படாது போல. அட்டை சூரியனே போட்ட கையெழுத்துல்ல?”

படத்தின்படி எட்டுத் தகடு. அட்டையின்படி நான்கு. அவர் நான்கு என்று எழுதினார். வெள்ளிக்கிழமை ஆர்டர் போகும் என்றார்.

அப்பா, அந்த இரண்டு மாதமும் நீங்கள் பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். நீங்கள் வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், மிஷன் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று பயந்தேன். அதனால் யாருக்கும் தெரியாமல் நானே போய் அட்டையை மாற்றினேன்.

முதல் வாரம் முழுக்க மூடுபனி. எடுத்த அட்டையெல்லாம் வெறுமையாக இருந்தது. வெற்று அட்டை என்றால் வேலை நடக்கவில்லை என்றுதானே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. வெறுமையாக இருப்பதும் ஒரு பதில்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மாதா படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தியை எடுத்தேன். நல்ல வெயில் நாள் அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துச் சுட்டேன். ஆரம்பத்தில் மெல்லிசாக, நடுவில் அழுத்தமாக. என் கோடு நன்றாகத்தான் வந்தது. அதுதான் இப்போது வினை.

ஒருநாள் என் விரலைப் பிடித்துப் பார்த்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

“என்ன புள்ள, கொப்புளம்?”

“அடுப்புப்பா.”

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் விட்டுவிட்டீர்களா?

போன மழைக்காலத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து ஏற்றி வந்த பஸ் பெருமாள்மலையில் நின்றுவிட்டது. பாதையில் மண் சரிந்திருந்தது. ஐஸ் கரைந்து மருந்து வீணானது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களை நான்தான் மருந்தக வாசலில் நின்று திருப்பி அனுப்பினேன். அவர்களில் ஒருத்தியான அந்தோணியம்மா அக்காவின் கடைசிப் பிள்ளை மாசியில் அம்மை கண்டு இறந்துபோனது. அந்த மருந்து போட்டிருந்தால் பிழைத்திருக்குமா? யாருக்குத் தெரியும். ஆனால் நான்கு தகட்டோடு பெட்டி வந்தால், பாதை அடைபடும் அதே மூடுபனி மாதத்தில்தான் அதுவும் நின்றுபோகும். அது மட்டும் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் என்னால் பேச முடியவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது, உங்களுக்குத் தெரியாததா? குரல் வராததைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. அட்டை பொய் என்றால், கைசுத்தமானவர் என்ற உங்கள் பெயர் என்ன ஆகும்? இறந்த பிறகு உங்களுக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை என் வாயாலேயே கெடுப்பதா? கெடாமல் இருக்க வேண்டும் என்று பள்ளத்து ஊர்ப் பிள்ளைகளைப் பணயம் வைப்பதா? ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணிக்கையைத் தவறவிட்டேன்.

இப்போதும் தோட்டத்து அட்டையை நான்தான் மாற்றுகிறேன். வெயில் எழுதாததை இனி என் கை எழுதாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வியாழக்கிழமை வெள்ளனே மேசைக்குப் போனேன். என்ஜினீயர் ஆர்டர் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் பக்கத்தில் இருந்தார்.

“சார், மேகப் படம் சரிதான். அந்த ரெண்டு மாசமும் அப்பா மாத்தலைங்க. நான் ஊதுபத்தியில சுட்டேன்.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “ஏன் புள்ள, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வீட்டை விட்டு எறக்கியிருப்போமா?” என்றார்.

என்ஜினீயர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “எல்லா அட்டையும் நீ சுட்டதா? வெயில் சுட்டதும் இருக்குமே. எது எதுன்னு பிரிச்சுக் காட்டும்மா” என்றார்.

டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தேன். நிஜமாக வெயில் அடித்த நாட்களை வலது பக்கம் அடுக்கினேன். என்னுடையவற்றை இடது பக்கம். ஒரே ஒரு அட்டை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தும் வெயில் சுட்டதா நான் சுட்டதா என்று தெரியவில்லை. அதை என் பக்கம் வைத்தேன்.

உங்கள் கடைக்குட்டி மகள்,
புஷ்பம்