மாமன் கேலி

டாவன்போர்ட் சிறை முகாம்
காட்டுப்பழம் சிவக்கும் மாதம், 1863

குதிரைமேல் கொழுத்துப்போன என் மச்சான் தடே டூட்டாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஜெபத்தின் நடுவே தூங்கிப் பெஞ்சிலிருந்து விழுந்தேன். எனக்குள் ஆவி இறங்கிவிட்டதென்று பாதிரியார் கண்கலங்கி, அன்று மாலையே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். இந்த எழுத்தும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். கோழி கிளறியது போலிருந்தால் சிரித்துக்கொள்.

போன வருடம் ஒரே கூடாரத்தில் கறி தின்றோம். வெள்ளையரோடு சண்டை வந்தது. நான் நம் டகோட்டா ஜனத்தோடு நின்று பிடிபட்டேன். நீ பட்டாளத்துக்கு வழிகாட்டப் போய்ப் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை வாங்கிக்கொண்டாய். பொத்தான் நீயே போட்டுக்கொள்கிறாயா, சிப்பாய் யாராவது போட்டுவிடுகிறானா?

ஒரு காரியம். பட்டாளம் மேற்கே போகிறதாம். என் மகன் ஹெபி அங்கேதான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறான். உன் அக்காளும் மூத்தவை இரண்டும் செத்த பிறகு எனக்கு மிச்சம் அவன் ஒருவன். கண்ணில் பட்டால் எப்போதும் போல் கேலி பண்ணிக் கூப்பிடு. வேறு யாரையும் நம்பமாட்டான், மாமன் கேலிக்கு வந்துவிடுவான். உயிரோடு எனக்கு அனுப்பிவை.

உன்னைவிட அழகன்,
மாசா ஹோட்டா


பட்டாள முகாம், மேற்குச் சமவெளி
செர்ரி கறுக்கும் மாதம், 1863

மச்சான்,

ஹெபியைப் பார்த்தேன்.

இந்தக் குன்றில் நாங்கள், எதிர்க் குன்றில் நம் ஜனம். வெள்ளையர் நமக்கு வைத்த பெயரில், 'சூ வீரர்கள் ஆயிரம் பேர்' என்று தளபதி எழுதிக்கொண்டார். பாதிக்குமேல் பெண்களும் பிள்ளைகளும். இரு பக்கமும் பேச ஆள் அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஹெபியை நடையை வைத்தே கண்டுகொண்டேன். நீ சொன்னபடி கத்தினேன்.

"டேய் வாத்து, இன்னும் உனக்கு நடக்கக் கத்துக்குடுக்க ஒருத்தியும் சிக்கலையா?"

"முதல்ல சட்டைய இழுத்து விடு மாமா, தொப்பைய பாத்து இங்க பொண்ணுங்க பயப்படுதுங்க."

இரண்டு குன்றிலும் நம் ஆட்கள் சிரித்தார்கள். அவன் துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டு இறங்கி வந்தான். பாதி வழியில், என் முதுகுக்குப் பின்னாலிருந்து எவனோ சுட்டான். உத்தரவில்லாமல் சுட்டதாம். அப்புறம் பீரங்கி. ஜனம் இருட்டும்வரை ஓடியது. விட்டுப்போன கூடாரங்களையும் காயப்போட்ட இறைச்சியையும் குவித்துக் கொளுத்தினார்கள். நானும் சுமந்தேன்.

நம் வழக்கப்படி உடலை உயரத்தில் ஏற்றிவைக்க அங்கே மரமில்லை. ஹெபியைப் போர்வையில் சுற்றி, மேலே கல் அடுக்கினேன்.

கூப்பிட்டவன் நான். திட்டியாவது எழுது.

தடே டூட்டா


டாவன்போர்ட் சிறை முகாம்
காட்டரிசி காயவைக்கும் மாதம், 1863

தடே டூட்டாவுக்கு,

உன் கடிதத்தை எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கத் தொடங்கினேன். வாத்து என்ற இடத்தில் சிரித்தார்கள். தொப்பைக்கு இன்னும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு உள்ளதை நான் மனதுக்குள் படித்தேன். "ஏன்யா நிறுத்திட்ட, பையன் வந்தானா?" என்று கேட்டார்கள். வந்தான் என்றேன்.

கூப்பிடச் சொன்னவன் நான். உன்னைத் திட்ட எனக்கு வழியில்லை. ஆனால் மச்சான் என்று எழுதினால் கை தன்னால் கேலிக்குப் போய்விடும். அதனால் பெயரைத்தான் எழுதினேன், இனி வாயிலும் பெயர்தான். பதில் போடாதே.

துக்கத்துக்கு முடியை அறுக்கலாமென்று பார்த்தேன். சபையில் சேர்த்தபோதே ஒட்ட வெட்டிவிட்டார்கள். இருந்தாலும் சமையற்காரனிடம் கத்தரி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். காதின் நுனி போய்விட்டது. பாதிரியார் துணி கட்டிவிட்டிருக்கிறார்.

மாசா ஹோட்டா