விரலில் வெள்ளிக் கறை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே.

நேற்றிரவு வீடியோ போனில் என் விரல் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாய். அப்பா போன செய்தி வந்த அன்று, ஆய்வகத்தில் வெள்ளி உப்பு கரைத்த தண்ணீர் கையில் சிந்தியது. வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. மறுநாள் வெயில் பட்டதும் கறுத்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சோப்புதான் கரைந்தது.

“கழுவினா போகாது. தோல் உரியுறப்ப தானா போயிடும்,” என்றார் கூட வேலை பார்க்கும் அக்கா.

அப்பாவின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. கடைசியாக முகம் பார்க்கக்கூட வரமுடியாதவளுக்கு அந்த நாளில் மிஞ்சியது கறை மட்டும்தான். அதுவும் போன வாரம் மறைந்துவிட்டது.

நேற்று நானே அந்த வெள்ளித் தண்ணீரில் ஒரு சொட்டுத் தொட்டு, சன்னல் வெயிலில் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்