முகத்துவாரத்தில் கிடைத்த ரிவால்வரின் கைப்பிடியைக் கழற்றிப் பார்க்கக் கோரி

அனுப்புநர்:
பா. அன்புக்கரசி,
க/பெ. பாரி,
முகத்துவாரக்குப்பம், எண்ணூர்.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்.

பொருள்: என் கணவர் ஒப்படைத்த பழைய ரிவால்வர் – கைப்பிடிக்குள் உள்ள தொழிற்சாலை முத்திரையைப் படமெடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கணினி மையத்தில் ஊராருக்கு மனு அடித்துத் தருபவள் நான். என் வீட்டுக்காக அடிக்கும் முதல் மனு இது.

1. சென்ற மாதம் படகுக்காரர் சுப்பராயன் முகத்துவாரத்தில் இழுத்த வலையில், தார்த்துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று சிக்கியது. அதைப் படகு எஞ்சின் மெக்கானிக்கான என் கணவரிடம் கொடுத்தார். எங்கள் குப்பத்தில் தண்ணீரிலிருந்து எந்த இரும்பு வந்தாலும் அவரிடம்தான் போகும். "உப்புத்தண்ணி பட்ட இரும்ப அப்டியே வுட்டா வீணாப் பூடும்" என்று சொல்லி, அவர் அதை நல்ல தண்ணீரில் அலசி, டீசலில் துடைத்து, எண்ணெய் போட்டார். மறுநாள் காலையில் அவரே காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்.

2. அந்தப் பளபளப்புதான் எங்களுக்கு வினையாயிற்று. "தண்ணில கெடந்ததுன்னா துரு எங்கம்மா?" என்று ஆய்வாளர் கேட்டார். அண்மையில் செய்த கள்ளத் துப்பாக்கி என்று வழக்கெழுதி, என் கணவரைப் புழல் சிறைக்கு அனுப்பிவிட்டார். துரு இருந்தது ஐயா. அதைத் துடைத்த துணி அவருடைய கருவிப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது.

3. உட்கார்ந்து அழ எனக்கு நேரமில்லை. எண்ணெய் போட்டபின் அவர் எடுத்த கைபேசிப் படத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயரும் எண்ணும் தெரிகின்றன. இங்கிலாந்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையை எப்போதோ மூடிவிட்டார்கள். அதன் பதிவுகளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். அந்த எண் 1890களில் செய்த துப்பாக்கிக்குரியது என்று பதில் வந்துள்ளது (இணைத்துள்ளேன்). பழைய எண்ணை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாமே என்கிறார் ஆய்வாளர். நியாயமான சந்தேகம்தான், அதையும் அருங்காட்சியகத்திடமே கேட்டுவிட்டேன். அசல் என்றால் அதே எண், பரிசோதகர் முத்திரையோடு, மரக் கைப்பிடியின் உட்புறத்திலும் இருக்குமாம். ஒரே ஒரு திருகைக் கழற்றினால் போதும்.

4. ஆகவே, ஆயுத நிபுணர் முன்னிலையில் அந்தத் திருகைக் கழற்றி, உட்புறத்தைப் படமெடுத்து, வழக்கோடு சேர்க்க உத்தரவிடுங்கள். முத்திரை இல்லையென்றால் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் இருக்கும். திருகு இறுகியிருந்தால் அவசரப்பட்டு உடைத்துவிட வேண்டாம். என் கணவரைக் கூப்பிட்டால் பதமாகக் கழற்றிக் கொடுப்பார்.

முகத்துவாரம் எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். மறைக்க நினைத்திருந்தால் அன்றைக்கே திரும்பத் தண்ணீரில் போட்டிருப்பார். அவர் எண்ணெய் போட்டு உங்களிடம் கொண்டுவந்தார்.

இடம்: எண்ணூர்
நாள்: 14.08.2024

இப்படிக்கு,
பா. அன்புக்கரசி