திரையின் அடியில் இருந்த பெயர்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது பாடவேளையில், நீ படித்த பள்ளிக்கூடத்துக்கு நீ வாங்கிக் கொடுத்த, பாடம் நடத்தும் பெரிய தொடுதிரையை உன் தங்கை சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டாள். அதே சுத்தியலால் கூடப் படிக்கும் பையன் ஒருவனின் விரல்களில் இரண்டை உடைத்துவிட்டாள். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ பாதியிலேயே வழி சொல்ல ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

சுத்தியல் நம் கடைச் சரக்கு, ஒரு கிலோ எடை, மரப்பிடி. மூன்று நாளாகப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறாள், இருப்பில் ஒன்று குறைகிறதே என்று நான் கடை ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அறிவியல் வகுப்பில் திரையில் கேள்வி ஓடும்போதே எழுந்து போய் ஓங்கி அடித்திருக்கிறாள். முதல் அடிக்குக் கீறல்கூட விழவில்லையாம், அந்த மட்டுக்கு நல்ல சரக்குத்தான், மூன்றாவது அடியில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அறிவியல் வாத்தியார் ஓடி வந்து அவள் கையைப் பிடிக்கப் போக, தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடி சரிந்து அவருக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்துவிட்டது, பதினோரு தையல். எல்லாரும் கத்திக்கொண்டு வெளியே ஓடியபோது லாரிக்காரர் மகன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, அவள் முகத்துக்கு நேராக ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டியிருக்கிறான். அந்தக் கையைப் பிடித்து மேசையில் அழுத்தி ஒரே அடி. ஒரு விரலில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வலது கை, எழுதுகிற கை, பொதுத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இதைப் பூசி மெழுக எனக்கு வராது.

அன்று மத்தியானமே லாரிக்காரர் மூட்டை தூக்கும் ஆட்கள் மூன்று பேரோடு கடைக்கு வந்துவிட்டார். எங்கடி உன் பொண்ணு, அவ விரலை நான் எண்ணணும் என்றார். நான் பதில் சொல்வதற்குள் முன்பக்கக் கண்ணாடி போய்விட்டது. பெயின்ட் டப்பாக்களைத் தூக்கித் தெருவில் எறிந்தார்கள், கடை ஆளைச் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள், அவனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. உன் அப்பா ரத்தத்தைப் பார்த்ததும் வழக்கம்போல மயங்கி ஆணி மூட்டை மேல் சாய்ந்துவிட்டார், அந்த மனிதரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் கடப்பாரையை எடுத்தேன். உள்ளே கால் வைக்கிறவன் நொண்டிக்கிட்டுத்தான் திரும்புவான் என்று சொன்னேன், ஒருவன் வைத்தான், முட்டியில் போட்டேன். அதற்குப் பிறகுதான் தெருவில் இருந்தவர்கள் வந்து விலக்கினார்கள், அதுவரை எல்லாருக்கும் நல்ல வேடிக்கை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் அவளை அளவுகோலால் அடித்தேன். மர அளவுகோல், உடைகிற வரைக்கும் அடித்தேன். அழவில்லை. உடைந்த துண்டைப் பார்த்துவிட்டு, முடிஞ்சுதாம்மா, இப்ப நான் சொல்லலாமா என்றாள். அந்தக் கேள்வி எனக்கு விழுந்த அடி.

அவள் சொன்னதை நீ கேட்டுக்கொள். உன் திரையில் கேள்வி வந்ததும் பிள்ளைகள் கையில் உள்ள சின்னத் திரையில் இருபது நொடிக்குள் பதில் தொட வேண்டும். முதலில் தொட்டவன் பெயர் பச்சையில் மேலே ஏறும், தொடாதவர் பெயர் சிவப்பில் அடியில் நிற்கும், பக்கத்தில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவள் எப்போதும் தாளில் போட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். முப்பத்து நான்கு நாள் வகுப்பில் முப்பத்து நான்கு நாளும் கடைசிப் பெயர் அவளுடையது. அவளுக்கு லோடிங் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கழிப்பறைக்குப் போனால் விரல் சுற்றுகிறது, பஸ்ஸில் ஏறினால் விரல் சுற்றுகிறது, லோடிங் அக்கா வந்துட்டாங்க, வழி விடுங்க, நாளைக்குத்தான் உக்காருவாங்க என்று ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூடச் சொல்கின்றன. அவள் நோட்டை வாத்தியாரிடம் வாங்கிப் பார்த்தேன். கடைசி நாற்பது கேள்வியில் முப்பத்தேழு சரி. அதே நாற்பதுக்குத் திரை கொடுத்தது பூஜ்யம்.

வாத்தியாரைத் திட்டலாம் என்றுதான் போனேன். கையைக் கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையை மாட்டியவன் ஒரு காலை வேளையில் வந்து எதையெதையோ தொட்டுக் காட்டி, அவ்வளவுதான் சார் என்று போய்விட்டானாம். இருபத்திரண்டு வருஷம் சாக்பீஸ் பிடித்தவர், ஏதாவது தொட்டுக் கெட்டுப்போனா என் சம்பளத்துல பிடிப்பாங்கம்மா என்றார். அவருக்கு அந்தச் சிவப்புப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் அதை எடுக்க வழி தெரியாமல், காலண்டர் தாளைக் கிழித்துத் திரையின் அடிப்பக்கத்தில் ஒட்டி மறைத்திருக்கிறார். ஒரு வாரம் பிள்ளை நிம்மதியாக இருந்தது. ஆட்கள் பார்க்க வருகிறார்கள், இவ்வளவு விலை கொடுத்த பொருளில் காலண்டர் ஒட்டுவதா என்று தலைமையாசிரியை அதைக் கிழிக்கச் சொல்லிவிட்டார். இரண்டு தடவை தொட்டால் அந்தப் பட்டியல் போய்விடுமாம். நம் எலக்ட்ரீஷியன் பக்கத்து வகுப்புத் திரையில் செய்து காட்டினான், வாத்தியார் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

திரை விற்றவனுக்கும் போன் போட்டேன். பட்டியல் தானாக வராதும்மா, வாங்கினவர் கேட்டா மட்டும்தான் போடுவோம், உங்க பையன்தான் போட்டி இருந்தாத்தான் பசங்க படிப்பாங்கன்னு எழுதிக் கேட்டிருக்கார் என்றான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கெட்டது நினைக்கிறவன் இல்லை. நீ எப்போதும் முதலில் நின்றவன், கடைசியில் நிற்கிறவனுக்குப் போட்டி எப்படித் தெரியும் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் நான் முப்பது வருஷம் கடை வைத்தவள். ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்ன விலையை அடுத்தவர் காதில் போட மாட்டேன். கடனுக்குக் கேட்கிறவரை ஓரமாகக் கூப்பிட்டுத்தான் பேசுவேன். அவர் குறையை எல்லார் முன்னாலும் எழுதி மாட்டினால் அவர் திருந்த மாட்டார், கடை மாற்றுவார், இல்லை கல்லெடுத்து எறிவார். பிள்ளைகளுக்குக் கடை மாற்ற வழியில்லை.

நேற்று தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்தோம். லாரிக்காரர் அவளை வெளியே அனுப்பினால்தான் எழுந்திருப்பேன் என்றார், மாற்றுச் சான்றிதழும் தயாராக மேசையில் இருந்தது. அது கைக்கு வந்திருந்தால் அவளுக்கு இந்த வருஷம் தேர்வே இல்லை. நான் அவள் நோட்டையும் கிழித்த காலண்டர் தாளையும் அதன் மேல் வைத்தேன். மேலே இருந்து விசாரிக்க வந்தா இந்த ரெண்டையும் நானே எடுத்துக் காட்டுவேன் என்றேன். தலைமையாசிரியை தண்ணீர் குடித்தார். லாரிக்காரர் அசையவில்லை. அப்போது வாத்தியார்தான் மெதுவாகச் சொன்னார், உங்க பையன் பேரு தினமும் இவ பேருக்கு மேலதாங்க இருந்துச்சு, கடைசிக்கு முந்தினது, இவளைக் காட்டிச் சிரிச்சாத்தான் அவனை யாரும் பாக்க மாட்டாங்க. லாரிக்காரர், வீட்டுல வந்து முதல் மூணு பேருக்குள்ள வர்றேன்னு சொன்னானே என்றார். உன் தங்கை முன்னால் போய், விரலை உடைச்சது தப்புங்க, திரையை உடைச்சதுக்கு நான் வருத்தப்படல என்றாள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம், அவளை வெளியே அனுப்பும் பேச்சை லாரிக்காரரும் விட்டுவிட்டார்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் கை தொட்டது துலங்க வேண்டும். நேற்று அங்கே எல்லாரும் கையெழுத்துப் போட்ட விதிகளை மறக்காமல் இருக்க எழுதுகிறேன். அவளுக்குப் பதினைந்து நாள் வகுப்பு கிடையாது, தேர்வு உண்டு. பையனின் வைத்தியம் முழுக்க நம்முடையது, அவன் சொல்லச் சொல்லத் தேர்வு எழுத ஆள் வைப்பது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. கடைக் கண்ணாடியும் பெயின்ட்டும் கடை ஆளின் வைத்தியமும் லாரிக்காரருடையது. போலீசுக்கு யாரும் போவதில்லை. புதுத் திரை பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. அதில் பெயர் வராது, நேரம் ஓடாது, பதில் பிள்ளைக்கும் வாத்தியாருக்கும் மட்டும் தெரியும். வாரம் இரண்டு மணி நேரம் நீ வீடியோவில் உட்கார்ந்து, வாத்தியார் பயமில்லாமல் தொடுகிற வரைக்கும் அவருக்குச் சொல்லித் தர வேண்டும். வீட்டுக்கு வந்தபின் உன் தங்கை தன் பங்குக்கு இரண்டு எழுதினாள். நான் இனி அவள்மேல் கை வைக்கக் கூடாது. தேர்வு முடிகிற வரை இந்த வீட்டில் உன் மதிப்பெண்ணை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா